லயன்ஸ் ஹெட்: இறங்கும் நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

வணக்கம். ஜனவரியில் பன்னிரண்டு வயது மகளோடு தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் லயன்ஸ் ஹெட் மலை ஏறி சூரிய அஸ்தமனம் பார்க்கலாமா, சங்கிலிப் பிடிப்பும் இருட்டும் பயமாக இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். மலை 669 மீட்டர்தான். பாதை அதைச் சுற்றிச் சுற்றி ஏறும், ஒரு பக்கம் நகரம், மறுபக்கம் அட்லாண்டிக். சங்கிலியைப் பிடித்து ஏறும் பாறைக்கு முன்பே அதைத் தவிர்க்கும் சுற்றுப்பாதை பிரிகிறது, அதில் போங்கள். ஆனாலும் உச்சிக்குக் கீழே இரும்பு ஏணிகள் உண்டு. இறங்கும்போது முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பி, ஒவ்வொரு படியாகக் காலை வைக்கச் சொல்லுங்கள்.

அங்கே அப்போது சூரியன் மறையவே இரவு எட்டு மணியாகும். அப்புறம் அரை மணி நேரம்தான் வெளிச்சம். ஆறு மணிக்கே கிளம்புங்கள். ஆளுக்கொரு டார்ச், தலையில் மாட்டுவது; கைபேசி விளக்கு வேண்டாம், ஏணியில் இரண்டு கையும் தேவை. உச்சிவரை போகாமல் மேற்குப் பக்கப் பாதையிலேயே உட்கார்ந்தாலும் சூரியன் கடலில் இறங்குவது முழுசாகத் தெரியும். குழந்தையோடு என்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

ஜனவரி அங்கே கோடை; தென்கிழக்குக் காற்று பேயாக வீசும். பக்கத்து மலையான டேபிள் மவுண்டன் மேல் வெள்ளை மேகம் போர்வையாக வழிந்தால் அன்று விட்டுவிட்டு, மறுநாள் பாருங்கள்.