ஹைக்கூ படித்து, எழுதப் பழகினால் மனம் ஒருமுகப்படுமா? 5-7-5 கட்டாயமா?

ஒருமுகப்படும். ஆனால் இந்த ஜப்பானியக் குறுங்கவிதையின் மூன்று பகுதிகளுக்குச் சொல்லப்படும் 5-7-5 ஒலிக் கணக்கை எண்ணிக்கொண்டே எழுதினால் கவனமெல்லாம் விரல்விட்டு எண்ணுவதிலேயே போய்விடும்.

ஜப்பானியர்கள் எண்ணுவது 'ஒன்' என்கிற ஒலியலகை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, 'ன்' என்ற ஒற்றுக்குத் தனியாக ஒன்று. டோக்கியோ அவர்கள் கணக்கில் நான்கு. நம் மாத்திரைக்கு நெருக்கமானது, அதேதான் என்று சொல்ல முடியாது. 1686-இல் ஜப்பானியக் கவிஞர் பாஷோ எழுதிய தவளைக் கவிதையில் அந்த 17 ஒலியலகுக்குள் இருப்பவை ஏழே சொற்கள். அவற்றிலும் இரண்டு இடைச்சொற்கள். இங்கே 5-7-5 'சொற்கள்' என்று வைத்துக்கொண்டு 17 சொல்லை நிரப்புகிறவர்கள் உண்டு. தமிழில் ஆறு முதல் ஒன்பது சொல் போதும். மரபை மீறச் சொல்கிறேன் என்று சண்டைக்கு வர வேண்டாம். எண்ணிக்கையைவிட முக்கியமான மரபு ஒன்று இருக்கிறது, அதைத்தான் நாம் கைவிட்டுவிட்டோம்: வெட்டு.

தவளைக் கவிதை 'பழைய குளம்' என்று சொல்லி, 'யா' என்ற வெட்டுச்சொல்லால் நின்றுவிடுகிறது. பிறகுதான் தவளை குதிப்பதும் நீரின் ஓசையும். இரண்டு காட்சிக்கும் நடுவே உள்ள இடைவெளியை வாசிப்பவர்தான் கடக்க வேண்டும். மனப்பயிற்சி என்று ஏதாவது உண்டென்றால் அது அங்கேதான். ஆகவே வாசிக்கும்போது ஒரு நாளைக்கு ஒரு கவிதை போதும். வாய்விட்டு மூன்று முறை படியுங்கள். எங்கே வெட்டு, எந்தப் புலன் வேலை செய்கிறது, எது சொல்லப்படவில்லை என்று பாருங்கள். விளக்கவுரையைப் பிறகு படிக்கலாம்.

தமிழில் வெட்டு தவறிப்போக இலக்கணமே ஒரு காரணம். பெயரெச்சத்தை அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு பெயரை வைத்துவிடலாம்:

வாசலில் படுத்து
மழையைப் பார்க்கும்
நனைந்த நாய்

இது மூன்றாக மடித்த ஒரே தொடர். இதையே இப்படி எழுதிப் பார்க்கலாம்:

மழை வலுக்கிறது—
மூடிய கதவைப் பார்த்தபடி
நாய்

'நனைந்த' போய்விட்டது, நனைவது போகவில்லை. கதவு வந்ததும் உள்ளே யாரோ இருப்பதும் வந்துவிட்டது.

எழுத உட்காரும்போது முதல் பத்து நிமிடம் நோட்டை மூடி வையுங்கள். கவிதை தேடிக்கொண்டே பார்த்தால் பார்வை வேட்டையாகிவிடும். அதன் பிறகு கண்டது, கேட்டது, தொட்டது மட்டும் எட்டுப் பத்து வரி குறியுங்கள். 'அழகான' என்ற சொல் வந்தால் பார்ப்பதை நிறுத்திவிட்டீர்கள் என்று பொருள். எது அழகாக இருந்தது? நிறமா, அசைவா, தூரமா? அதை எழுதுங்கள். 'போல', 'தனிமை', 'ஏக்கம்', 'நான்' எல்லாவற்றையும் அடியுங்கள். மிஞ்சுவதில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாததுபோல் தோன்றும் இரண்டை அருகருகே வைத்துப் பாருங்கள். மறுநாள் திருத்துங்கள். எதுவும் தேறாத நாளிலும் அந்தப் பத்து நிமிடம் வீணில்லை.

பருவத்தைக் காட்டும் பருவச்சொல் கட்டாயமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஜப்பானில் தவளை வசந்தத்தைக் குறிக்கும், வெறும் 'நிலவு' இலையுதிர்காலத்தை. நமக்கு அந்த அகராதி வேண்டாம், அதன் நோக்கம் வேண்டும்: இந்த வேளையில், கண்முன் இருப்பது. செர்ரி மலரைக் கண்ணால் காணாதவர் செர்ரி மலர் எழுதினால் அது பார்த்து எழுதியது ஆகாது. ஜப்பானிய ஹைக்கூ கவிஞர் ஷிகி (1867–1902) வற்புறுத்தியதும் நேரில் பார்த்துத் தீட்டுவதைத்தான்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வரியில் ஒரு திடுக்கிடல், அதில் சமூகத்துக்கு ஒரு குட்டு: கைதட்டல் வாங்கும் இந்த வடிவத்தையே ஹைக்கூ என்று பரப்பிவிட்டார்கள். மனிதரின் கோணலைச் சொல்ல சென்ரியு என்று தனி வகையே இருக்கிறது. பருவச்சொல்லும் வெட்டும் அதற்குத் தேவையில்லை. அதை எழுதுங்கள், தாராளமாக; பெயரை மட்டும் சரியாகப் போடுங்கள்.