தெருவுக்கு வராத வைரஸ்

காட்பாடி வாசகர்: 1986-இல் சென்னையிலிருந்து வந்த ரத்த மாதிரிகளை வேலூர் சிஎம்சியில் சோதித்தபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது என்று படித்தேன். அந்தச் சோதனை தேடியது எதிர்ப்பொருளை, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பே செய்துகொள்ளும் புரதத்தை. எதிர்ப்பொருள்தான் உடம்பில் இருக்கிறதே, பிறகு வைரஸ் ஏன் ஒழிவதில்லை?

பதில்: எலைசா என்ற அந்த ரத்தச் சோதனைத் தட்டின் குழியில் மஞ்சள் நிறம் வந்தால் எதிர்ப்பொருள் உண்டு என்று அர்த்தம். மருத்துவர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா கொண்டுவந்தவற்றில் ஆறு மஞ்சளாயின. ஆனால் எதிர்ப்பொருள் ரோந்து போவது ரத்தத்திலும் செல்களுக்கு வெளியே உள்ள நீரிலும்தான். எச்.ஐ.வி. தப்பிக்கப் பல வழி வைத்திருக்கிறது. மேலுறையை மாற்றிக்கொண்டே இருக்கும், செல்லின் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் சும்மா கிடக்கும். இன்னொரு வழி, தெருவுக்கே வராமல் பக்கத்துச் செல்லுக்குப் போவது.

அது எப்படி நடக்கிறது? எச்.ஐ.வி. குறிவைப்பது டி செல் என்ற ஒருவகை வெள்ளையணுவை. தொற்றிய டி செல்லின் மேற்பரப்பில் ஜிபி120 என்ற வைரஸ் புரதம் துருத்திக்கொண்டிருக்கும். நல்ல டி செல் ஒன்று வந்து உரசினால் அதன் சிடி4 புரதத்தை இது பிடித்துக்கொள்ளும். பிடி இறுகியதும் செல்லுக்குள் சட்டம்போல இருக்கும் ஆக்டின் என்ற புரத இழைகள் இடம் மாற, இரண்டு செல்களின் புரதங்களும் ஒட்டிய இடத்தில் வந்து குவியும். வைரஸைக் கட்டும் காக் புரதமும் அங்கேயே சேர்வதால், புது வைரஸ்கள் அந்த இடுக்குக்குள்ளேயே மொட்டுவிடும். ஒரு வைரஸின் அகலம் சுமார் 120 நானோமீட்டர்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் சுமார் எட்டாயிரத்தில் ஒரு பங்கு. ஒன்றிரண்டாக அல்ல, கும்பலாக இறங்கும். வெளியே மிதந்துபோகும் வைரஸுக்கு இந்த வசதி கிடையாது; செல் கிடைப்பதற்குள் பெரும்பாலானவை வீணாகிவிடும். நிணநீர் முடிச்சுகளில், அதாவது நெறி கட்டும் இடங்களில், டி செல்கள் தேர்த்திருவிழாக் கூட்டம்போல நெருக்கியடித்து நிற்கின்றன. இந்தக் கைமாற்றத்துக்குத் தோதான இடம் அதுதான்.

இதற்காக எதிர்ப்பொருளே தண்டம் என்று முடிவுகட்ட வேண்டாம். சில வகைகள் இந்த இடுக்கிலும் வேலை செய்யும், அளவு மட்டும் பொதுவாகக் கூடுதலாகத் தேவைப்படும். எச்.ஐ.வி.க்குக் கொடுக்கும் ஏ.ஆர்.டி. கூட்டுமருந்து மாத்திரைகள் பெரும்பாலும் செல்லுக்குள் வைரஸ் செய்யும் வேலையைத் தடுப்பவை. வைரஸ் எந்த வழியாக வந்தது என்பது அவற்றுக்குப் பொருட்டல்ல. வேளை தவறக்கூடாது என்பது மருந்துக்கு மசியாத வகை தலையெடுக்காமல் இருப்பதற்காக.

குடியாத்தம் வாசகி: பீடி சுற்றிவிட்டு அப்படியே தக்காளி நாற்று நடப் போகக்கூடாது என்கிறார்களே, நிஜமா?

பதில்: நிஜம்தான். பதப்படுத்திய புகையிலையிலும் புகையிலை தேமல் வைரஸ் உயிர்ப்போடு இருக்கக்கூடும்.  அது உள்ளே நுழைய இலையில் பொடிக் காயம் வேண்டும். நாற்றைப் பிடிக்கும்போது ஒடிகிற இலைமயிரே போதும். தாவரச் செல்லைச் சுற்றிக் கெட்டியான சுவர் இருப்பதால், நுழைந்தபின் அங்கிருந்து உடைத்துக்கொண்டு வெளியேற முடியாது. ஆனால் அடுத்தடுத்த செல்களுக்கு நடுவே சுவரைத் துளைத்துப்போகும் நுண்கால்வாய்கள் உண்டு. சாதாரணமாகச் சிறு மூலக்கூறுகள் மட்டுமே நுழையும் அந்த வழியை வைரஸின் நகர்வுப் புரதம் அகட்டிவிட்டு, வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வை அந்தப் பக்கம் தள்ளிவிடும். அப்படியே இலை நரம்பை எட்டினால் சத்து போகும் பாதையிலேயே கொழுந்துக்கு ஏறிவிடும். தேமல் இளம் இலையில் தெரிவது அதனால்தான். அந்த இலையைக் கிள்ளி எறிந்து பயனில்லை, கிள்ளிய விரல்தான் அடுத்த செடிக்குக் கொண்டுபோகும். செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். நடுவதற்கு முன் சோப்புப் போட்டு நகக்கண் வரை கழுவுங்கள். கொழுப்பு நீக்கிய பாலில் கையை நனைத்துக்கொண்டு நடுவதும் உதவும்.

ஆரணி வாசகர்: நாய் கடித்தது காலில். கையில் ஊசி போட்டது போதாதென்று புண்ணைச் சுற்றியும் குத்தினார்கள். எதற்கு?

பதில்: இரண்டும் வேறு வேறு மருந்து. கையில் போட்டது தடுப்பூசி. அது எதிர்ப்பொருளை உண்டாக்க ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். புண்ணில் போட்டது தயார்நிலை எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலின். வெறிநாய்க்கடி வைரஸ் ரத்தத்தை நம்புவதில்லை. தசையும் நரம்பும் சேரும் இடத்தில் உள்ளே புகுந்து, நரம்பிழைக்குள்ளேயே மூளையை நோக்கி ஏறும், ஒரு நரம்பு முடிந்தால், இரண்டு நரம்புகள் சந்திக்கும் இடமான சினாப்ஸைத் தாண்டி அடுத்த நரம்புக்கு. உள்ளே போனபின் பிடிப்பது கடினம். ஆகவே வாசலிலேயே மறிக்க வேண்டும். கடித்த உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவச் சொல்வதும் அதற்குத்தான். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம். தடுப்பூசியைத் தோலுக்குள் போடும் முறை என்றால், முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். கடைசி ஊசியைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஆற்காடு வாசகி: அக்கி இடுப்பைச் சுற்றி வளைத்துவிட்டால் உயிருக்கு ஆபத்தா? காவியில் எழுதலாமா?

பதில்: பெரும்பாலும் வளைக்காது. சின்னம்மை வந்துபோனபின் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சில் தூங்கிய வைரஸ், அந்த ஒரு நரம்பு போகும் பட்டையில் மட்டும் இறங்கி, பக்கத்துப் பக்கத்துத் தோல் செல்களை ஒன்றாக இணைத்துப் பரவும். உடம்பின் நடுக்கோட்டோடு நின்றுவிடும். காவி அதை நிறுத்தாது, உடைந்த கொப்புளத்தில் படாமலாவது பார்த்துக்கொள்ளுங்கள். கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் எழுதித்தரும் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்கினால் பலன் அதிகம். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். கொப்புள நீரில் வைரஸ் இருக்கும். பொருக்குத் தட்டும்வரை கைக்குழந்தையையும், அம்மை வராத கர்ப்பிணிகளையும் கிட்டே விட வேண்டாம்.