24 மணி நேர ரேஸும் எங்கள் கூடாரமும்: கேள்வி பதில்

நான் திருகோணமலையில் படகு எஞ்சின் திருத்துகிறவன். 2024 ஜூனில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு பிரான்சுக்குப் போனேன். பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கும் தங்கச்சி குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு, லு மான் நகரில் நடக்கும் 24 மணி நேரக் கார் ரேஸைக் கூடாரம் போட்டுப் பார்த்துவிட்டு வந்தோம். வந்த நாளிலிருந்து கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் எஞ்சினைப் பற்றிக் கேட்பதில்லை, இதைத்தான் கேட்கிறார்கள். சரி, ஒரேயடியாகச் சொல்லிவிடலாம் என்று கேள்விகளை எழுதித் தரச் சொன்னேன். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

உப்புவெளியிலிருந்து ஒரு தங்கச்சி: அண்ணா, ஒரு நாள் முழுக்கக் கார் சுற்றிச் சுற்றி ஓடுவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? அலுக்காதா?

பார்த்துக்கொண்டே இருந்தால் அலுக்கும்தான். அங்கே யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்கள் இரவு முழுக்கச் சாமியையே பார்த்துக்கொண்டா நிற்கிறார்கள்? கச்சான் வாங்குவார்கள், சொந்தக்காரரைக் கண்டால் கதைப்பார்கள், மணலில் சேலையை விரித்துப் பிள்ளையைத் தூங்க வைப்பார்கள், மேளம் கிட்ட வந்ததும் எழுந்து ஓடுவார்கள். இதுவும் அப்படித்தான்.

சனிக்கிழமை பின்னேரம் 4 மணிக்குத் தொடங்கி ஞாயிறு 4 மணிக்கு முடியும். 62 கார்கள், ஒரு காருக்கு மூன்று ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டுவார்கள். ஒரு சுற்று 13.626 கிலோமீட்டர். ஏறக்குறைய நம் நகரிலிருந்து நிலாவெளிக்குப் போகிற தூரம். வேகமான கார்கள் அதை மூன்றரை நிமிடத்தில் முடித்துவிடும். அந்தப் பாதையில் பெரும்பகுதி மற்ற நாட்களில் சனங்கள் வேலைக்குப் போய் வருகிற சாதாரண ரோடு. அதை நினைத்தால்தான் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

கிண்ணியா, பத்தாம் வகுப்பு மாணவன்: மாமா, அஜித் ஓடியது இந்த ரேஸா?

இல்லை மருமகனே. இந்தக் கேள்வி மட்டும் ஏழு பேரிடமிருந்து வந்தது. 2025 ஜனவரியில் அஜித் குமாரின் அணி ஓடியது துபாய் 24 மணி நேர ரேஸ். தங்கள் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தார்கள். லு மான் வேறு. அது 1923 இலிருந்து நடக்கிறது.

லு மானோடு நம் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2009 இல் போனார். ரேஸ் தொடங்குவதற்கு முன் விழுந்து தோளில் அடிபட்டதால் ஓட முடியவில்லை. சென்னை கருண் சந்தோக் 2012 இல் ஓடினார். அவருடைய கார் ஆறாவதாக முடித்தது.

நிலாவெளி, ஐந்து வயதுப் பிள்ளையின் தாய்: அந்தச் சத்தத்தில் சின்னப் பிள்ளை எப்படித் தூங்கும்? காதுக்கு ஒன்றும் ஆகாதா?

தங்கச்சி, காது விஷயத்தில் விளையாடக் கூடாது. பஞ்சு வைத்தால் போதாது. ஹெட்போன் மாதிரிக் காதை முழுக்க மூடுகிற காதுமூடி பிள்ளைகளின் அளவில் விற்கிறார்கள். அதை அங்கே போய் வாங்கலாம் என்று விடாமல், முதலிலேயே வாங்கி இரண்டு நாள் வீட்டில் போட்டுப் பழக்குங்கள். பழக்கமில்லாத பிள்ளை அங்கே கழற்றி எறியும். எங்கள் சின்னவன் எறிந்தான்.

தூக்கம் நான் பயந்த அளவுக்கு மோசமில்லை. கூடாரம் போடுகிற இடம் பாதைக்கு ஒட்டியா, தள்ளியா என்பதைப் பொறுத்தது. நாங்கள் கொஞ்சம் தள்ளி இருந்தோம். அங்கே கேட்பது தூரத்துக் கடல் மாதிரி ஓர் இரைச்சல். கடலோரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது தாலாட்டு. சத்தத்தைவிடத் தொல்லை தந்தது வெளிச்சம்தான். ஜூனில் அங்கே இரவு 10 மணிக்குத்தான் சூரியன் மறையும். "இன்னும் இரவாகவில்லையே அம்மா" என்று பிள்ளைகள் படுக்கவே இல்லை. கறுப்புத் துணி ஒன்று கொண்டுபோங்கள்.

இன்னொன்று. கார்களின் சத்தம் எல்லாம் ஒன்றல்ல. பெராரி, டொயோட்டா ஆகியவற்றின் டர்போ எஞ்சின்கள் அடக்கமாகப் போகும். கடிலாக்கின் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் வந்தால் நெஞ்சுக்கூடு அதிரும். ஞாயிறு காலையில் மூத்தவள் போர்வைக்குள் இருந்தபடியே "அப்பா, கடிலாக் வருகுது" என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். எனக்கு அந்தப் பயணத்தில் பெருமையான இடம் அதுதான்.

ஓர்ஸ் ஹில், ஓய்வுபெற்ற தபால் ஊழியர்: கூடாரம் போடுவதில் என்ன பெரிய வித்தை? நாங்கள் கதிர்காமத்துக்கு நடந்துபோனபோது மரத்தடியில் படுத்தவர்கள்.

ஐயா, பாதயாத்திரை போனவருக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை, மழையைத் தவிர. யால காட்டில் ஆடி மாதம் மழை பெய்யாது. லு மானில் பெய்யும்.

எங்களுக்கு ஒதுக்கிய இடத்தில் ஒரு மூலை புல் பச்சையாக, மெத்தென்று இருந்தது. கூடாரத்தை அங்கேயே போட்டேன். அங்கே மட்டும் ஏன் புல் பச்சை என்று யோசித்திருக்க வேண்டும். தண்ணீர் தேங்குகிற பள்ளம். இரவு மழை பிடித்தது. இரண்டு மணிக்கு மனைவி தட்டி எழுப்பி, "இது என்ன, படகா?" என்று கேட்டாள். படகு திருத்துகிறவன் கூடாரத்துக்குள் தண்ணீர் இறைத்த கதையை இதுவரை கடையில் யாருக்கும் சொன்னதில்லை. பிறகு பிள்ளைகளைத் தங்கச்சியின் வான் வண்டிக்குள் படுக்க வைத்தோம்.

அதே மழைதான் ரேஸையும் கெடுத்தது. ஆபத்தான நேரத்தில் வேகத்தைக் குறைக்க முன்னால் விடுகிற சேஃப்டி கார் வந்து, எல்லாக் கார்களும் அதன் பின்னால் நாலு மணி நேரத்துக்கு மேல் ஊர்வலம் போயின. ரேஸ் பைத்தியங்கள் திட்டித் தீர்த்தார்கள். சத்தம் குறைந்ததால் எங்கள் வீட்டார் எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள்.

ஆகவே மேடான இடம், கூடாரத்துக்கு அடியில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, ரப்பர் சப்பாத்து. இங்கே கச்சான் காற்றில் வியர்த்துக்கொண்டு பெட்டி கட்டும்போது கம்பளி உடுப்பு நினைவுக்கு வராது. அங்கே விடியற்புறம் நம் ஆட்களுக்குப் பல்லடிக்கிற குளிர்.

மூதூர், ஒரு குடும்பத் தலைவி: சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?

அந்த ஊரின் பேர்போன சாப்பாடு ரில்லெட். இறைச்சியைக் கொழுப்பிலேயே மெல்லிய தீயில் வேகவைத்துப் பாணில் பூசித் தின்பது. பெரும்பாலும் பன்றி இறைச்சி, கேட்டு வாங்குங்கள். மற்றபடி கடைகளில் உருளைக்கிழங்குப் பொரியல், கிரேப் என்கிற மெல்லிய தோசை எல்லாம் கிடைக்கும், விலை கையைக் கடிக்கும்.

நாங்கள் சமைத்தோம். சின்னக் கேஸ் அடுப்பு ஒன்று. கேஸ் குப்பியை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், அங்கேயே வாங்குங்கள். பாரிஸ் லாச்சப்பலில் நம் கடைகளில் இல்லாத சாமான் இல்லை, அதனால் இங்கிருந்து அரிசி மூட்டை சுமக்க வேண்டாம். இறைச்சி, பால் சாமான்களை வெளிநாட்டிலிருந்து பயணிகள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் விடாது. கருவாட்டுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் கூடாரத்துக்குள் கருவாடு வேண்டாம், அக்கம்பக்கத்தாரையும் யோசியுங்கள். கட்டைச் சம்பலும் பாணும் டின்மீனும் இருந்தால் எந்த நேரமும் பசி ஆறும். நாங்கள் போட்ட தேத்தண்ணிக்குப் பக்கத்துக் கூடாரத்து ஆங்கிலேயர் இருவர் மூன்று தடவை வந்தார்கள். இஞ்சி போட்டிருந்தோம்.

பெயர் போடாமல் ஒருவர்: கழிவறை?

இருக்கிறது. வெள்ளிக்கிழமை பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுத மாட்டேன். டிஷ்யூவும், ஒரு தண்ணீர்ப் போத்தலும், விடியற்காலை ஐந்து மணிக்கே எழும்புகிற மனமும் வேண்டும்.

சாம்பல்தீவு, புதிதாகத் திருமணமான ஒருவர்: விசா, டிக்கெட், செலவு பற்றிச் சொல்லுங்கள் அண்ணா.

தம்பி, முதலில் விசா. பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி நேரத்துக்கு விடாதீர்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது தொடங்கி 11 வயது வரை 45 யூரோ, அதற்குக் கீழே இல்லை. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும். சொந்தக்காரர் வீட்டில் தங்குவதென்றால் அவர்கள் தங்கள் ஊர் மேயர் அலுவலகத்தில் ஒரு சான்றிதழ் எடுத்து அனுப்ப வேண்டும். இந்தக் கடிதம் தாமதமாவதுதான் பலருக்குச் சிக்கல். அதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் விஷயத்தில் பலர் ஏமாறுவது, கூடார இடத்துக்கு ஒரு டிக்கெட், உள்ளே போகும் ஆளுக்கு ஒரு டிக்கெட், இரண்டும் தனித்தனி என்பது தெரியாமல். கூடார இடம்தான் முதலில் முடிந்துபோகும். ரேஸ் நடத்தும் சங்கத்திடமே நேராக வாங்குங்கள், வேறு யாரிடமும் வேண்டாம். 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குப் பொது நுழைவு இலவசம். இது பெரிய மிச்சம்.

வான் இல்லாவிட்டால் பாரிஸ் மொன்பர்னாஸ் நிலையத்திலிருந்து வேக ரயிலில் ஒரு மணி நேரம். லு மானில் இறங்கினால் ட்ராம் மைதானத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் விடும். ஆனால் கூடாரம், அடுப்பு, இரண்டு பிள்ளைகளோடு ட்ராமில் ஏறுவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சீனன்குடா, கராஜ் வைத்திருக்கும் நண்பர்: எங்கள் டொயோட்டாவை அங்கே மதிக்கிறார்களா?

மதிக்கிறார்களா! மச்சான், நம் ஊரில் வான் என்றாலே டொயோட்டா. ஆனால் அவர்கள் லு மானில் பட்ட பாட்டைக் கேட்டால் உனக்குக் கண்ணீர் வரும். 1985 இல் தொடங்கினார்கள். வருடக்கணக்கில் வெற்றி கிட்டவில்லை. 2016 இல் 5 ஆம் இலக்கக் கார் முன்னணியில் வந்தது. முடிய ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் இருந்தது. கசுகி நகாஜிமா ஓட்டிக்கொண்டிருந்தார். கார் வலுவிழந்து, தங்கள் ஆட்கள் நிற்கிற இடத்துக்கு முன்னாலேயே பாதையில் நின்றுவிட்டது. போர்ஷே தாண்டிப் போய் வென்றது. டொயோட்டா எப்படியோ கடைசிச் சுற்றை ஊர்ந்து முடித்தது. அதிக நேரம் எடுத்துவிட்டது என்று அந்தக் காரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. 23 மணி 57 நிமிட உழைப்பு!

2018 இல் அதே நகாஜிமா, அலோன்சோ, புவேமி மூவரும் வென்றார்கள். பிறகு 2022 வரை தொடர்ந்து ஐந்து வருடம் டொயோட்டாதான். 2023 இல் பெராரி வந்து பறித்தது. நாங்கள் பார்த்த வருடமும் பெராரிதான், 24 மணி நேரம் ஓடிய பிறகு டொயோட்டாவுக்கும் அதற்கும் 14 செக்கன்தான் வித்தியாசம். தங்கச்சி புருஷன் பெராரிக்காரர். அன்று நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

உன் தொழிலுக்கு ஒரு செய்தி: 2022 இலிருந்து அங்கே ஊற்றுகிற எரிபொருளை வைன் தயாரிப்பில் மிஞ்சும் மண்டி, திராட்சைச் சக்கை ஆகியவற்றிலிருந்து எடுக்கிறார்கள்.

தபால் ஊழியர் ஐயாவே மீண்டும்: அங்கே முன்னொரு காலத்தில் பெரிய விபத்து நடந்ததாமே. பிள்ளைகளைக் கூட்டிப்போவது சரியா?

1955 இல் பியர் லெவெக்கின் மெர்சிடிஸ் கார் மோதி, உடைந்த பாகங்கள் கூட்டத்துக்குள் பறந்தன. பார்க்க வந்தவர்களில் 80 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகு பாதையையும் பார்வையாளர் இடங்களையும் மாற்றிக் கட்டினார்கள். நீண்ட நேர்ப்பாதையில் 1988 இல் ஒரு கார் மணிக்கு 405 கிலோமீட்டரைத் தொட்டது. 1990 இல் அந்த நேர்ப்பாதையின் இரண்டு இடங்களில் வளைவு போட்டு வேகத்தை உடைத்தார்கள். இன்று வேலியும் தூரமும் போதிய அளவு இருக்கின்றன. எனக்கு இருந்த பயம் கூட்டத்தில் பிள்ளை தொலைவதுதான். கையில் தொலைபேசி இலக்கம் எழுதிய பட்டி கட்டிவிட்டோம்.

பாலையூற்று, இரண்டு சகோதரர்கள்: எங்களால் போக முடியாது. இங்கிருந்து என்ன செய்யலாம்?

தொடக்கம் நம் நேரம் சனி இரவு 7.30. முடிவு ஞாயிறு இரவு 7.30. அவ்வளவு வசதியான நேரம் ஐரோப்பியருக்குக்கூட இல்லை. உப்புவெளிக் கடற்கரையில் பாயும் போனும் போதும். நேரில் பார்க்க ஆசையென்றால் நுவரெலியா மகஸ்தோட்ட மலையேற்ற ரேஸ் இருக்கிறது, 1934 இலிருந்து நடக்கிறது. குளிரும் கிடைக்கும், கூடாரமும் பழகலாம்.

நிலாவெளித் தாய்: அண்ணா, கடைசியாக ஒன்று. அண்ணியிடம் கேளுங்கள், திரும்பவும் போவாவா?

கேட்டேன். "மெத்தையோடு என்றால் வருவேன். கூடாரத்தை எங்கே போடுவது என்று நான்தான் சொல்வேன்" என்றாள்.