தூளியும் களமும்

அன்புள்ள ஐயா,

என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதில்லை. நான்கு வருடமாக வீட்டிலேயே நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். மூத்தவளுக்குப் பத்து வயது, அடுத்தவனுக்கு ஏழு, கடைக்குட்டி பிறந்து ஐந்து மாதம். ஈரோடு பக்கம் ஒரு கிராமம், மஞ்சள் வெள்ளாமை. தை பிறந்ததிலிருந்து மூச்சுவிட நேரமில்லை. மஞ்சள் வெட்டு, வேகவைப்பது, ஆட்களுக்குச் சோறு. நடுவில் அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன். மாசிக் கடைசியில் கொழுந்தனார் கல்யாணம். இரண்டு மாதமாகப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. மகன் அவன் அப்பாவோடு களத்துக்குப் போய்விடுகிறான், மூட்டை எண்ணுகிறான், எடை பார்க்கிறான், அதுவும் படிப்புதானே என்று விட்டுவிட்டேன். மூத்தவள்தான் குட்டியைப் பார்த்துக்கொள்கிறாள். தம்பிக்கு வாய்ப்பாடும் சொல்லிக்கொடுக்கிறாள். அவள் இல்லையென்றால் நான் என்ன ஆகியிருப்பேனோ! மாமனார் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டே, ‘ஜூனில் பேசாமல் ஸ்கூலில் சேர்த்துவிடு’ என்று தினமும் சொல்கிறார். இந்த மாதிரி சமயத்துக்கென்று ஒரு டைம்டேபிள் இருக்கிறதா? பின்னால் இவர்கள் பரீட்சை எழுத முடியாமல் போய்விடுமா? பிள்ளைகளை நானே கெடுக்கிறேனோ என்று ராத்திரி தூக்கம் வருவதில்லை.

ச.

அன்புள்ள ச.,

பரீட்சையை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 14 வயது முடிந்த பிள்ளை தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதலாம். அது 1989 முதல் நடக்கிறது. உங்கள் மூத்தவளுக்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. இரண்டு மாதம் புத்தகம் திறக்காததும் ஒரு விஷயமே இல்லை. கோடை விடுமுறையில் ஊர்ப் பிள்ளைகள் யாரும் புத்தகத்தைத் தொடுவதில்லை, அதனால் யாரும் கெட்டுப்போகவில்லை. கைக்குழந்தையும் களத்துவேலையும் ஆபரேஷனும் கல்யாணமும் ஒன்றாக வந்து விழுந்திருக்கின்றன. இதில் மூன்று வேளை உலை வைப்பதே பெரிய காரியம். உங்களைக் குறை சொல்ல எவருக்கும் யோக்கியதை கிடையாது.

ஆனால் நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரி என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. ‘மூத்தவள்தான் குட்டியைப் பார்த்துக்கொள்கிறாள்.’ சில வாரங்களாக நான் என் அக்காவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

நான் பிறந்தபோது அக்கா ஐந்தாம் வகுப்பு. அம்மா பேறுகாலம் முடிந்து ஒரே மாதத்தில் களையெடுக்கப் போக வேண்டியிருந்தது. ‘தம்பி நடக்கிற வரைக்கும்’ என்று சொல்லி அக்காவை நிறுத்தினார்கள். நான் நடந்தேன், ஓடினேன், பள்ளிக்கும் போனேன். அக்கா திரும்பப் போகவில்லை. யாரும் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. என் அப்பா அவள்மேல் உயிராக இருந்தவர். ‘இவள் இல்லாட்டி இந்த வீடு என்ன ஆகும்’ என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஏறக்குறைய அதே வரியை உங்கள் கையெழுத்தில் படிக்கிறேன் அம்மா.

அக்கா தமிழ் நன்றாகப் படிப்பாள். கூட்டல், கழித்தல், பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரைக்கும் மனப்பாடம். பெரிய எண்களை வகுக்கும் கணக்கு மட்டும் வராது. அந்தக் கணக்கை வாத்தியார் நடத்தியபோது அவள் வகுப்பில் இல்லை. மகளிர் குழுவில் வட்டிப் பணத்தைப் பதினான்கு பேருக்குப் பிரிக்க வேண்டியிருந்தால், நோட்டில் மொத்தத் தொகையை எழுதிப் பதினான்கு பதினான்காகக் கழித்துக்கொண்டே வருவாள். ஒரு பக்கம் நிறைந்து அடுத்த பக்கத்துக்குப் போகும். விடை சரியாக இருக்கும். அந்த நோட்டைப் பார்த்த பிறகு, வீட்டுக்கு ஒத்தாசையாக இருக்கிற பெண்பிள்ளை என்று யார் பெருமையாகச் சொன்னாலும் எனக்குக் காது கூசுகிறது.

இப்போது உங்கள் மகனைப் பாருங்கள். நூறு கிலோ பச்சை மஞ்சள் வெந்து காய்ந்தால் ஏறத்தாழ இருபது கிலோதான் தேறும் என்று அவனுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். ஏழு வயதில் விகிதம் படித்துவிட்டான். குச்சியால் குத்தினால் லேசாக இறங்க வேண்டும், அதுதான் பதம், அதற்குமேல் வெந்தால் நிறம் போய்விடும் என்று பெரியவர்கள் பேசுவதைக் கேட்டிருப்பான். விரல்போல் நீண்ட விரலியையும் உருண்டையான கிழங்கையும் ஏன் தனித்தனியாகப் பிரிக்கிறார்கள், வியாபாரி ஏன் ஒன்றை ஒடித்து உள்ளே பார்த்துவிட்டு விலை சொல்கிறார் என்பதெல்லாம் அவன் கண்முன்னால் நடக்கிறது. எந்தப் பள்ளிக்கூடமும் தராத படிப்பு இது, ஒப்புக்கொள்கிறேன். அந்தப் படிப்பு நடக்கும் களத்துக்கும் அவள் ஆட்டுகிற தூளிக்கும் எவ்வளவு தூரம் இருக்கும்? கூப்பிட்டால் கேட்கிற தூரம். அவளை ஏன் யாரும் கூப்பிடவில்லை? ஒரே வீட்டில், ஒரே அறுவடையில், பையனுக்கு ஒரு பாடத்திட்டமும் பெண்ணுக்கு வேறொன்றும் நடந்துகொண்டிருக்கிறது. அதை நீங்கள் திட்டம் போட்டுச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். என் அம்மாவும் திட்டம் போடவில்லை.

தம்பிக்கு அவள் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறாள் என்பது நல்ல விஷயம். நம் திண்ணைப் பள்ளிகளில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த மூத்த மாணவன், சட்டாம்பிள்ளை, செய்த வேலை அது. எழும்பூரில் அனாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் இந்த முறையைக் கையாண்டு, அதைப் பற்றி 1797-ல் லண்டனில் நூலாகவும் வெளியிட்டார். அங்கே அதற்கு மெட்ராஸ் முறை என்றே பெயர். ஆனால் சட்டாம்பிள்ளைக்குப் பாடம் சொல்ல மேலே ஒரு வாத்தியார் இருந்தார். உங்கள் மகளுக்கு இந்த இரண்டு மாதத்தில் யார் என்ன சொல்லிக்கொடுத்தார்கள்?

சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு 2016-ல் வந்த திருத்தம், பிள்ளைகள் குடும்பத்துக்கு உதவலாம் என்கிறது. அதிலும் பள்ளி நேரம் போக, அல்லது விடுமுறையில் என்று எல்லை வைத்திருக்கிறது. பள்ளிக்குப் போகும் பெண்ணுக்கு அந்த எல்லை ஒரு காவல். ஒன்பதரை மணிக்கு மணி அடித்தால் வீட்டில் எத்தனை வேலை கிடந்தாலும் அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். உங்கள் வீட்டில் அந்த மணி கிடையாது. பள்ளி நேரம் எங்கே முடிகிறது, குடும்ப வேலை எங்கே தொடங்குகிறது என்று அவளுக்குச் சொல்ல யாரும் இல்லை. வீட்டுக்கல்வியின் சுதந்திரம் என்று நாம் பெருமையாகப் பேசுவது, வேலை நெருக்கும் மாதங்களில் முதலில் பறிபோவது மூத்த பெண்ணிடம்தான். நீங்கள் டைம்டேபிள் கேட்டீர்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: காலையில் இரண்டு மணி நேரம் அவள் கையில் குழந்தை இருக்கக் கூடாது. அந்த நேரத்தில் அவள் படிக்கட்டும், களத்துக்குப் போகட்டும், வேப்பமரத்தடியில் சும்மா உட்கார்ந்திருக்கட்டும். என்ன செய்கிறாள் என்று கணக்குக் கேட்காதீர்கள்.

உங்கள் கணவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது, களத்துக்குப் போகிறவராக. அவரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். அடுத்த லோடு ஈரோட்டு மார்க்கெட்டுக்குப் போகும்போது மகளையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். ஏலத்தை அவள் நேரில் பார்க்கட்டும். வந்த பணத்தில் வெட்டுக்கூலி, வண்டி வாடகை போக மிச்சம் எவ்வளவு என்று அவளே நோட்டில் போட்டுக் காட்டட்டும். வகுத்தல் தானாக வரும்.

அன்று குழந்தையை யார் பார்ப்பது என்று கேட்பீர்கள். திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டு ஒருவர் இருக்கிறாரே. பேத்தி படிக்க வேண்டும் என்று தினமும் கவலைப்படுகிறவர் அவர்தான். தூளியைத் திண்ணை உத்தரத்தில் கட்டி, கயிற்றை அவர் கையில் கொடுங்கள்.