குழந்தைக்கு ரத்தம் கம்மி, ஆனால் இரும்புச்சத்து மருந்து தரவில்லை, ஏன்?

கேள்வி: என் 9 மாதப் பெண் குழந்தையின் எடை 4.8 கிலோ, ஹீமோகுளோபின் 6.8. ஐந்தாம் மாதத்திலிருந்து தாய்ப்பாலோடு தண்ணீர் கலந்த பசும்பாலும் கொடுத்து வந்தேன். ஆஸ்பத்திரியில் சேர்த்து நான்கு நாளாகிறது, இன்னும் இரும்புச்சத்துச் சொட்டு மருந்து தரவில்லை. ரத்தமும் ஏற்றவில்லை. ஏன்?

பதில்: மறந்துவிடவில்லை அம்மா, வேண்டுமென்றேதான் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு மெலிந்த குழந்தைக்கு ரத்தத்தில் இரும்பைப் பிடித்து வைக்கும் புரதமே குறைந்திருக்கும், அந்த நிலையில் இரும்பைக் கொடுத்தால் அது உடம்பில் இருக்கும் கிருமிகளுக்குத்தான் தீனியாகும். முதலில் தொற்றை அடக்க வேண்டும். பசி திரும்பி எடை ஏறத் தொடங்கியதும், பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில், கிலோவுக்கு தினம் 3 மில்லிகிராம் என்ற கணக்கில் ஆரம்பிப்பார்கள். அதுவரை மெடிக்கலில் டானிக் வாங்கி நீங்களாக ஊட்டிவிடாதீர்கள், பேரீச்சை சிரப்பும் வேண்டாம்.

ரத்தம் ஏற்றுவதும் அப்படித்தான். ஹீமோகுளோபின் 4-க்குக் கீழே போனால், அல்லது 4 முதல் 6 வரை இருந்து மூச்சு வாங்கினால் ஏற்றுவோம். மெலிந்த குழந்தையின் இதயம் திடீரென்று கூடும் ரத்தத்தைத் தாங்காது.

சரி, ரத்தம் ஏன் குறைந்தது? குறைமாதத்தில் பிறக்காத குழந்தை கொண்டுவரும் இரும்புச் சேமிப்பு ஏறக்குறைய ஆறு மாதத்துக்குத்தான் வரும். பசும்பாலில் இரும்பு மிகக் குறைவு, அதிலும் தண்ணீர் கலந்தாயிற்று, சில குழந்தைகளுக்கு இந்தப் பாலால் குடலில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசியவும் செய்யும். அடிக்கடி சளி, வயிற்றுப்போக்கு வந்தால் உடம்பு இருக்கும் இரும்பையும் பூட்டி வைத்துக்கொள்ளும். பாலை மட்டுமே குடித்து மெலிந்த குழந்தைகளுக்குச் செம்புச் சத்தும் குறையலாம். புரதம், ஃபோலிக் அமிலம் இல்லாமலும் ரத்தம் ஊறாது.

நம் ஊரில் பலர் தவறவிடுவது வைட்டமின் பி12. நீங்கள் சைவமா, பால், தயிர்கூட அதிகம் சேர்ப்பதில்லையா? அப்படியானால் உங்கள் தாய்ப்பாலிலும் அது குறைவாக இருக்கும். குழந்தையின் விரல் மூட்டுகளைப் பாருங்கள், மற்ற இடத்தைவிடக் கறுத்திருக்கிறதா? முன்பு சிரித்து விளையாடியது, தலை நின்றது, இப்போது அதெல்லாம் குறைந்து சும்மா பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறதா, கை நடுங்குகிறதா? ஒன்று இருந்தாலும் இன்றைக்கே டாக்டரிடம் சொல்லி, பி12 பரிசோதனை இரண்டு பேருக்கும் செய்யக் கேளுங்கள். குறைவு உறுதியானால் ஊசி போட்ட சில நாளிலேயே குழந்தை முகம் பார்க்கத் தொடங்கும். வளர்ச்சி முழுதாகத் தேற மாதங்கள் ஆகலாம்.

பால் குடிக்கும்போது வியர்த்தாலோ, மூச்சு வேகமானாலோ, காலையில் ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.