ஒலியை நிறுத்தும் விரல்

அன்புள்ள ஐயா,

இரண்டு ஆண்டுகளாக பேஸ் கிட்டார் பழகுகிறேன். சுட்டுவிரலையும் நடுவிரலையும் மாற்றி மாற்றி மீட்ட வருகிறது. இனி கட்டைவிரலால் தந்தியை அடிக்கும் ஸ்லாப், சிறு வில்லையால் மீட்டும் பிக், மூன்று விரல் எல்லாவற்றையும் கற்க ஆசை. எதில் தொடங்குவது? மூன்றாவது விரலால் வேகம் கூடுமா? என் பதிவொன்றை இணைத்திருக்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

பதிவை மூன்று முறை கேட்டேன். வேகத்தைப் பற்றி இப்போது பேச வேண்டாம். பிக் பழக நாளையே தொடங்கலாம். பேஸ் கலைஞர் கரோல் கே வாசித்தது பிக்கில்தானே.

என்னை உறுத்தியது வேறு. நீங்கள் மெல்லிய ஜி தந்தியில் வாசிக்கும்போது தடித்த ஈ தந்தி அடியில் முனகிக்கொண்டே இருக்கிறது. இரண்டு ஆண்டுகளில் ஒருநாள்கூட அது உங்கள் காதில் விழவில்லையா? விரல்களைப் பார்த்துக்கொண்டே வாசித்திருக்கிறீர்கள். கேட்கவே இல்லை.

என் முதல் ஒலிப்பதிவின்போது மற்ற வாத்தியங்களை அணைத்துவிட்டு என் பேஸை மட்டும் ஒலிக்கவிட்டார்கள். ஒவ்வொரு சுரத்தின் பின்னாலும் இரைச்சல் வால்போல இழுபட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் இன்னும் நினைவில் இருக்கிறது. அதன்பிறகு பல மாதங்கள் சுட்டுவிரலால் மட்டுமே வாசித்தேன். பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் மோடவுன் இசை நிறுவனத்தின் பாடல்களை அந்த ஒற்றை விரலால்தான் வாசித்தார் என்பது அப்போது பெரிய ஆறுதல்.

கட்டைவிரலை, தந்திகளின் அடியில் ஒலியை வாங்கும் பிக்கப்பின் மேல் ஆணியடித்ததுபோல வைக்காதீர்கள். ஏ தந்திக்குப் போனால் அது ஈ-யின் மேல் அமரட்டும். டி-க்குப் போனால் ஏ-யில் சாய்ந்து, பக்கவாட்டில் ஈ-யையும் தொடட்டும். ஜி-யை மீட்டிய விரல் டி-யில் வந்து இளைப்பாறினால் டி தானாக அடங்கும். மீட்டும் கைக்கு இதுதான் பாதி வேலை. இதை ஏன் யாரும் உங்களுக்கு முதல் மாதமே சொல்லித்தரவில்லை என்று கோபமாக வருகிறது.

ஸ்லாப்? பேஸ் கலைஞர் லாரி கிரகாம் தன் தாயோடு வாசித்தபோது டிரம்ஸ் இல்லாத குறையை ஈடுகட்டத்தான் கட்டைவிரலால் தந்தியை அடித்தார். தேவை அவருக்கு அந்த வழியைக் காட்டியது. உங்களிடம் இருப்பது பட்டியல் மட்டுமே.

தாளம் தட்டும் மெட்ரோநோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். ஏ தந்தியில் ஒரே சுரம்: அரை நொடி ஒலி, அரை நொடி மௌனம். சுட்டுவிரல் மீட்டியதை நடுவிரல் வந்து தொட்டு நிறுத்தட்டும். அதே நடுவிரல் அடுத்ததை மீட்டட்டும். ஐந்து நிமிடம் பதிவுசெய்து அனுப்புங்கள், வேறு வாத்தியம் எதுவும் சேர்க்காமல். முழுவதும் கேட்கிறேன்.