கல்ட் படங்கள் யாருக்கு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் மதுரைக்காரன். தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் பக்கம் மிட்ராண்டில் சாஃப்ட்வேர் வேலை. ஊரிலிருந்து வந்த நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி, புரொஜெக்டர் வைத்துப் படம் பார்க்கிறோம். வந்தபோது ஓடாமல், பிற்பாடு பேசப்பட்ட படங்கள்தான் பெரும்பாலும். ஹே ராம், ஆரண்ய காண்டம் எல்லாம் போட்டாயிற்று. போன மாதம் செல்வராகவனின் ஆயிரத்தில் ஒருவன். அன்று இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் லெனேசியாவிலிருந்து இரண்டு நண்பர்களைக் கூப்பிட்டிருந்தேன். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள், தமிழ் அதிகம் வராது. இரண்டாம் பாதியில் நிறையக் கேள்வி கேட்டார்கள். எங்களில் ஒருவர் எரிச்சலாகி, “இது எல்லாருக்குமான படம் இல்ல பாஸ்” என்று சொல்லிவிட்டார். அதன்பின் அவர்கள் வாய் திறக்கவில்லை.

எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. வீட்டில் சொன்னேன். “ஊருக்குப் புரியாதது எங்களுக்குப் புரிஞ்சிருச்சுன்னு காட்டிக்கத்தானே ஓடாத படமாத் தேடிப் பிடிக்கிறீங்க?” என்று மனைவி கேட்டுவிட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. கல்ட் படம் என்று, அதாவது ஒரு கூட்டம் விடாமல் திரும்பத் திரும்பக் கொண்டாடும் படம் என்று, ஒன்று நிஜமாகவே உண்டா, இல்லை ரசிகர்கள் கட்டிவிடுவதா? மகா மோசமான படங்களையும் கல்ட் என்கிறார்களே, எப்படி? இப்போது வெளியாகாத படத்தின் போஸ்டரிலேயே அந்தச் சொல்லைப் போட்டுக்கொள்கிறார்கள். உங்கள் கருத்தை எழுதுங்கள். அடுத்த மாதம் என்ன படம் போடலாம் என்றும் சொல்லுங்கள்.

க., மிட்ராண்ட்

அன்புள்ள தம்பி,

உங்கள் மனைவி சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பெருமை எல்லாக் கூட்டத்திலும் உண்டு, தனக்கு மட்டும் பிடிபட்ட ஒன்றை வைத்திருப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தச் சுகத்துக்கு ஆயுள் குறைவு. ஒரு படத்தை முப்பது வருடம், ஐம்பது வருடம் சாகாமல் காப்பாற்ற அது போதாது. காப்பாற்றியவர்கள் வேறு மாதிரியானவர்கள். பார்த்தவுடன் இன்னொருவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து உட்கார வைத்தவர்கள்.

1970 டிசம்பரில் நியூயார்க்கின் எல்ஜின் தியேட்டரில் பென் பாரன்ஹோல்ட்ஸ் என்பவர் இயக்குநர் ஹோடரோவ்ஸ்கியின் எல் தோப்போ படத்தை நள்ளிரவுக் காட்சியாகப் போட்டார். பெரிய விளம்பரம் ஏதும் இல்லை. பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே கூட்டம் வந்தது, ஆறு மாதம் ஓடியது. அடுத்தது ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ. 1975இல் வெளியாகித் தோற்ற படம். 1976 ஏப்ரலில் அதே ஊரில் வேவர்லி தியேட்டர் அதை நள்ளிரவுக்கு எடுத்துக்கொண்டது. கதாநாயகி மழையில் செய்தித்தாளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடக்கும் காட்சியில், திரையைப் பார்த்து ஒருவர் “ஒரு குடை வாங்கித் தொலையேன்!” என்று கத்தினார். அடுத்தடுத்த வாரங்களில் இன்னும் பலர் கத்த ஆரம்பித்தார்கள். பிறகு ஆளாளுக்கு ஒரு வசனம் சேர்த்தார்கள், வேஷம் கட்டினார்கள், திரைக்கு முன்னால் நின்று நடித்தார்கள். கல்யாணக் காட்சியில் அரங்கம் முழுக்க அரிசி பறந்தது. இன்றுவரை அந்தப் படம் எங்காவது ஒரு தியேட்டரில் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. அங்கே முதல்முறை வருகிறவர்களை முன்னால் கூப்பிட்டு நிறுத்தி, கலாட்டா செய்து, கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் சடங்கே உண்டு. புதிதாக வந்தவர்தான் அன்றைய விருந்தாளி. உங்கள் வீட்டில் அன்று நடந்தது இதற்கு நேர் எதிர்.

கல்ட் படம் உண்டா, கட்டிவிடுவதா என்று கேட்கிறீர்கள். ரசிகர்கள் கட்டுவதுதான், ஆனால் எந்தப் படத்திலும் கட்டிவிட முடியாது. படம் இடம் கொடுக்க வேண்டும். இத்தாலிய எழுத்தாளர் உம்பர்த்தோ எக்கோ காசாபிளாங்கா படத்தைப் பற்றி எழுதும்போது, உடைத்துத் துண்டு துண்டாக எடுத்துக்கொள்ள முடிகிற படைப்பையே மக்கள் இப்படிக் கொண்டாடுகிறார்கள் என்கிறார். நூல் பிடித்ததுபோல் ஒழுங்காக முடிந்துவிட்ட படத்தை ரசித்துவிட்டு எழுந்து போய்விடுகிறோம். எங்கோ கோணலாக இருப்பது, சொல்ல வந்ததை முழுக்கச் சொல்ல முடியாமல் திணறுவது, இரண்டு படம் ஒன்றாகிவிட்டதுபோல் இருப்பது, இவைதான் நம்மை உள்ளே விடுகின்றன. ஆயிரத்தில் ஒருவன் 2010 பொங்கலுக்கு வந்தபோது அதன்மேல் வைத்த முக்கியமான புகாரே முதல் பாதி ஒரு படம், இரண்டாம் பாதி வேறு படம் என்பதுதான். 2021 கடைசியில் அது மறுபடி தியேட்டருக்கு வந்தபோது போனவர்கள் பெரும்பாலும் அந்த இரண்டாம் பாதிக்காகத்தான் போனார்கள்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, படம் கைக்குக் கிடைக்கிறதா என்பது. நம் ஆட்கள் ரசனையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள், பிரிண்ட் எங்கே இருக்கிறது என்று கேட்க மாட்டார்கள். 1968இல் வந்த நைட் ஆஃப் தி லிவிங் டெட் படத்துக்குக் கடைசி நேரத்தில் தலைப்பை மாற்றினார்கள். அந்த மாற்றத்தில் காப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப் போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் பொதுச்சொத்தாகிவிட்டது. எடுத்தவர்களுக்குப் பெரிய நஷ்டம், ஆனால் யார் வேண்டுமானாலும் திரையிடலாம், ஒளிபரப்பலாம், நகல் போடலாம் என்று ஆனதில் அது மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. நம் அன்பே சிவம் 2003இல் சரியாகப் போகவில்லை. பண்டிகைக்குப் பண்டிகை டிவியில் போட்டுப் போட்டுத்தான் ஒரு தலைமுறையே அதைத் தன் படமாக்கிக்கொண்டது.

மறுபக்கம் இந்த நாட்டின் ஜோ புல்லட். கென் காம்பு நாயகன், கறுப்பின நடிகர்களை வைத்தே எடுத்த அதிரடிப் படம். 1973இல் ஜோகன்னஸ்பர்க் பக்கத்துக் கறுப்பினக் குடியிருப்பான சுவெட்டோவின் ஐயேத்து தியேட்டரில் இரண்டே காட்சிகள் ஓடியது, நிறவெறி அரசு தடை போட்டுவிட்டது. கையில் துப்பாக்கியும் ஓட்டக் காருமாக ஒரு கறுப்பின நாயகனைத் திரையில் பார்க்க அவர்களுக்குப் பொறுக்கவில்லை. அதன் பிறகு நாற்பது வருடம் படம் யார் கண்ணிலும் படவில்லை. பழுதுபார்த்து 2014இல் டர்பன் திரைப்பட விழாவில் காட்டியபோது அரங்கில் கைதட்டலும் விசிலும் அடங்கவில்லை. எனக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. சுவெட்டோவில் எத்தனை பிள்ளைகள் அந்த வசனங்களைத் தெருவில் பேசித் திரிந்திருப்பார்கள்! அந்தக் கூட்டத்தையே உருவாகவிடாமல் செய்துவிட்டார்கள்.

நம் வீடுகளின் கதையும் இதை ஒட்டியதுதான். இங்கே டிவி வந்ததே 1976 ஜனவரியில். அதுவரை டர்பன் கிரே தெருப் பக்கத்து ஷாஜஹான், அவலான், ராஜ், நாஸ் தியேட்டர்கள்தான். பிறகு வீடியோ கேசட். அதே டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் நான் வளர்ந்த தெருவில் ஒரு தமிழ்ப் பட கேசட் வந்தால் வீடு வீடாகச் சுற்றும். நகலுக்கு நகல் எடுத்ததில் முகமெல்லாம் பச்சையாகத் தெரியும், பாட்டு பாதியில் அறுந்து போகும். எங்களில் பலருக்கு வசனம் முழுக்கப் புரியாது, ஆனால் முழுக்க மனப்பாடம். தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு கோயிலில் பாடுகிறவர்கள் நாங்கள், எங்களுக்கு அது புதிதும் இல்லை. கல்ட் என்ற சொல் எங்கள் காதில் விழுவதற்கு முன்பே நாங்கள் அதைச் செய்துகொண்டிருந்தோம்.

சில வருடம் முன்பு இங்கே ஒரு கோயில் கூடத்தில் உங்கள் படத்தையே, ஆயிரத்தில் ஒருவனையே, சப்டைட்டிலோடு போட்டோம். எங்கள் தெருவே ஆயா என்று கூப்பிடுகிற ஒரு மூதாட்டி முன்வரிசையில் பேத்தியோடு உட்கார்ந்திருந்தார். ஆயாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. பேத்திக்குத் தமிழ் தெரியாது. பேத்தி ஆங்கில வரியை வாசித்துக் காதில் சொல்ல, ஆயா திரையிலிருந்து தனக்குப் பிடிபட்ட தமிழ்ச் சொல்லைத் திருப்பிச் சொல்ல, இப்படியே போனது. தாய் தின்ற மண்ணே பாட்டு வந்தபோது ஆயா பேத்தியின் கையை அழுத்திப் பேசாதே என்று சைகை காட்டினார். படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகு என்னிடம் கேட்டார்: “இத்தன வருசமா அவங்களத் தேடி ஒருத்தரும் வரலையா?” கொஞ்சம் நிறுத்தி, “எங்க தாத்தா ஊருக்குக் கடுதாசி போட்டுக்கிட்டே இருந்தாரு. ஒண்ணுக்கும் பதில் வரல” என்றார்.

படத்தின் இரண்டாம் பாதியில் வருகிறவர்கள், கடல் கடந்து ஒரு தீவில் ஒளிந்துகொண்டு, தாய்நாட்டிலிருந்து தூதுவன் வருவான் என்று பசியோடு காத்திருக்கும் சோழர்கள். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்குக் கப்பலேறியவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல், பெரும்பகுதி மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து. 1946இல் இந்தியா இந்த நாட்டோடு வணிக உறவை முறித்துக்கொண்டது. நிறவெறிக்கு எதிராகச் செய்ய வேண்டியதைத்தான் செய்தது. இரு நாட்டுக்கும் தூதரக உறவு மறுபடி ஏற்பட்டது 1993இல். இந்த வரலாற்றோடு அந்த இரண்டாம் பாதியைப் பார்க்கிற கண் வேறு. படத்தில் சோழர்கள் பேசும் பழந்தமிழ் பாதிதான் புரிகிறது என்று தமிழ்நாட்டிலேயே குறை சொன்னார்கள். எங்களுக்கு எல்லாத் தமிழும் அப்படித்தான், பாதி புரியும், மீதியை முகத்தைப் பார்த்து எடுத்துக்கொள்வோம். அந்தப் படம் எல்லாருக்குமானது இல்லை என்று உங்கள் நண்பர் சொன்னார். அன்று அந்த அறையில் இருந்தவர்களிலேயே அதற்கு ரொம்ப நெருக்கமானவர்களிடம்தான் அதைச் சொல்லியிருக்கிறார்.

மோசமான படங்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. 2003இல் வந்த தி ரூம் படத்தில் சட்டம் போட்ட ஸ்பூன் படம் ஒன்று பின்னணியில் தெரியும், அது தெரியும்போதெல்லாம் ரசிகர்கள் திரையை நோக்கி பிளாஸ்டிக் ஸ்பூனை வீசுகிறார்கள். கேலியில் ஆரம்பித்தது. ஆனால் ஒரு படத்தை ஐம்பது தடவை பார்க்கிறவன் கேலிக்காக மட்டும் பார்க்கிறான் என்று நான் நம்பவில்லை, எங்கோ ஓர் இடத்தில் அது பிரியமாகிவிடுகிறது. அப்படி ஆகாமல் வெறும் ஏளனமாகவே நிற்கிற கூட்டத்தில் நான் உட்கார மாட்டேன். ஒரு மனிதர் தன்னிடம் இருந்ததையெல்லாம் கொட்டி எடுத்ததைப் பார்த்து ராத்திரி முழுக்கச் சிரிப்பது எனக்கு ஒத்துவராது.

போஸ்டரில் போட்டுக்கொள்வது வியாபாரம். எந்தத் தயாரிப்பாளரும் இதை முன்கூட்டி வாங்கி வைக்க முடியாது. விட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். இப்படிக் கொண்டாடுகிறவர்களுக்குக் கதை கட்டும் பழக்கமும் உண்டு. அமெரிக்காவில் விலைபோகாத ரோட்ரிகஸ் என்ற அமெரிக்கப் பாடகரின் பாட்டுகளை இந்த நாட்டு வெள்ளைக்கார இளைஞர்கள் எழுபதுகளில் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். அவர் மேடையிலேயே உயிரை விட்டார் என்றுகூட நம்பினார்கள். ரசிகர்களே தேடிக் கண்டுபிடித்து, 1998இல் அவரை இங்கே கூட்டிவந்து பாட வைத்தார்கள். அற்புதமான காரியம். ஆனால் அந்தத் தேடலைச் சொன்ன 2012 ஆவணப்படம், அவர் 1979இலும் 1981இலும் ஆஸ்திரேலியாவில் கச்சேரி செய்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டது. உலகமே மறந்த ஒருவரை நாங்கள் மட்டும் காப்பாற்றினோம் என்று சொல்வதற்கு அது இடைஞ்சலாக இருந்திருக்கும். நாங்கள் மட்டும் என்கிற அந்த வார்த்தை எங்கே வந்தாலும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதத்துக்கு அந்த நாள் போடுங்கள். 1954, எஸ். பாலசந்தர் இயக்கம், ஏவிஎம் தயாரிப்பு. பாட்டு கிடையாது, நடனம் கிடையாது, சண்டை கிடையாது. ஆரம்பத்திலேயே சிவாஜி சுடப்பட்டுச் சாகிறார், ஒவ்வொருவர் வாய்மொழியிலும் கதை வேறு வேறாக விரிகிறது. முதல் வெளியீட்டில் ஓடவில்லை. விருது கிடைத்த பிறகு மறுபடி வெளியிட்டார்கள். நல்ல சப்டைட்டில் உள்ள பிரதியாகத் தேடி எடுங்கள், முதல்நாளே ஒரு தடவை ஓட்டி வரிகள் சரியாக விழுகின்றனவா என்று பாருங்கள். லெனேசியா நண்பர்களை நீங்களே போய் அழைத்து வாருங்கள், வீட்டுப் பெரியவர்கள் வர முடிந்தால் அவர்களையும். படம் முடிந்ததும் பேச்சு ஆங்கிலத்தில் நடக்கட்டும், அவர்கள் இருவரும் முதலில் பேசட்டும். உங்கள் எரிச்சல்கார நண்பரையும் விட்டுவிடாதீர்கள், அவர் படத்தை நேசிக்கிறவர், அதனால்தான் கோபம் வந்திருக்கிறது. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா